இணைச்சீருக்கு வராதவள்

“ஏனுங்க்கா, பிரவீனா எங்கீங்க? தம்பிக்கு இணைச்சீர் செய்யாம அக்காக்காரி எங்க போயிட்டா?”

ஓரகத்தி சாந்தாமணி கேட்டது உடுமலை மண்டபத்தின் கடைசி நாற்காலி வரை கேட்டது.

“காய்ச்சல், சாந்தா. எந்திரிக்க முடியலையாம்,” என்றாள் வள்ளியாத்தாள்.

மகள் இந்த நேரம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பச்சை உடுப்போடு படுத்திருப்பாள் என்பது மண்டபத்தில் அவளுக்கு மட்டும் தெரியும்.

கருமுட்டை எடுப்பது அடுத்த வாரம்தான் என்றிருந்தார் டாக்டரம்மா. முட்டைகள் முந்திக்கொண்டு முதிர்ந்துவிட்டன. கடைசி ஊசி போட்ட ஒன்றரை நாளில் எடுத்தாக வேண்டும். தாண்டினால் தானாக நழுவிப்போகும். இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண். அந்த ஒன்றரை நாள் வந்து முடிந்தது தம்பியின் முகூர்த்தத்தில்.

“ஒரு நாள் தள்ளிவைக்க முடியாதுங்களா?” என்று பிரவீனா கெஞ்சிப் பார்த்தாள்.

“முட்டைக்கு முகூர்த்தம் தெரியாதும்மா,” என்றாராம் டாக்டரம்மா.

போன இரண்டு தடவையும் ஊருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு தடவையும் கரு தங்கவில்லை. சொந்தபந்தமெல்லாம் துக்கம் விசாரிப்பதுபோல் வந்து விசாரித்துவிட்டுப் போனது. இந்தத் தடவை யாரிடமும் மூச்சுவிடக் கூடாதென்று அம்மாவிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள் பிரவீனா.

சாந்தாமணி விடுவதாக இல்லை.

“இப்பத்தான் போன் போட்டுப் பாத்தனுங்க்கா. மணி அடிச்சுட்டே இருக்குது, எடுக்க ஆளில்லை. எந்த ஆஸ்பத்திரில காட்டறாங்க? எங்க அண்ணன் கோயமுத்தூர்லதான் இருக்கறாரு. ஒரு எட்டுப் போய்ப் பாத்துப்போட்டு வரச் சொல்றேன்.”

சுற்றிலும் நாலைந்து தலைகள் திரும்பின.

வள்ளியாத்தாள் குரலை உயர்த்தினாள்.

“காய்ச்சலுமில்லை, ஒண்ணுமில்லை. நாந்தான் வர வேண்டாம்னேன். வயிறு தொறக்காதவ பக்கத்துல நின்னா சீர் வெளங்குமா?”

சுற்றி நின்ற பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

“பெத்தவ பேசற பேச்சா இது?”

“தாயா பேயா?”

எல்லாருக்கும் மேலே ஒலித்தது சாந்தாமணியின் குரல்.

“உங்களுக்கு மனசா, கல்லா? புள்ளையில்லாட்டி அவ மனுசியில்லீங்களா? கண்ணு என்ன பாடு பட்டிருப்பாளோ!” முந்தானையால் மூக்கைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி வந்து நின்று சீரை முடித்தாள். மணையில் இருந்த மகன் மோகன்குமார் அதன்பிறகு அம்மாவின் முகத்தையே பார்க்கவில்லை.

முதல் பந்தி நடக்கும்போது மண்டபத்து ஆபீஸுக்குப் போன் வந்தது. மருமகன்.

“அத்தை, முட்டை எடுத்துட்டாங்க. சரியான பக்குவம், நேரம் தப்பலைன்னு டாக்டரம்மா சொல்றாங்க. பிரவீனா முழிச்சுட்டா. சீர் நல்லபடியா ஆச்சான்னு கேக்கறா.”

“ஆச்சுன்னு சொல்லுங்க மாப்பிள்ளை.”

கண்ணைத் துடைக்கத் துடைக்க நிற்காமல் வழிய, பந்திக்குத் திரும்பினாள் வள்ளியாத்தாள்.

“பாத்தீங்களா? நான் கேட்டது இப்பத்தான் உறைச்சிருக்குது,” என்றாள் சாந்தாமணி, பக்கத்து இலைக்காரியிடம்.

போன தை மாதம் தன் மகன் கல்யாணத்தில், சீர் செய்யப் பட்டுடுத்தி வந்து நின்ற பிரவீனாவைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு சாந்தாமணி என்ன சொன்னாளோ, அதைத்தான் வள்ளியாத்தாள் இன்று ஓர் எழுத்து மாறாமல் சொல்லியிருந்தாள்.