தூக்கச் சொன்னவன்

இது நான் நேரில் பார்த்ததல்ல. சேரனின் அக்கா செங்கமலம் சொல்லிக் கேட்டது.

வல்லத்திராக்கோட்டை ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் இன்னாசி. இருபது வருடத்துக்கு முன்னால் அவரும் சேரனும் ஒரே சைக்கிளில் டவுனுக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது லாரி இடித்துவிட்டது. அப்போது 108 எல்லாம் கிடையாது. கூட்டாளியைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மைல் ஓடினார் இன்னாசி. சேரனுக்கு உயிர் தங்கியது, கால்கள் போய்விட்டன.

மூன்று சக்கர ஸ்கூட்டரில் டீக்கடைக்கு வரும் சேரன் அந்தக் கதையைச் சொல்லாத நாள் இல்லை. யார் பெடல் மிதித்தார்கள், இடைவேளையில் யார் முறுக்கு வாங்கினார்கள் என்பது வரைக்கும் ஊருக்கே மனப்பாடம்.

"இவன் இல்லேன்னா எனக்கு அன்னைக்கே பால் ஊத்திருப்பாங்க" என்றுதான் முடிப்பார்.

அப்படிப்பட்ட இன்னாசி போன தையில் ஊர் வாயில் விழுந்தார்.

குறுக்கே வந்த ஆட்டுக்காக ஒடித்துத் திரும்பிய கார் ஒன்று, அவர் கடைக்கு எதிரே புளியமரத்தில் மோதியது. ஓட்டி வந்த பையன் அருண்குமார் சீட்டிலேயே சாய்ந்து முனகிக்கொண்டிருந்தான். இன்னாசி 108-க்குப் போன் போட்டுவிட்டு, பின்சீட்டில் ஏறி, பையனின் தலையை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

முந்திரி வியாபாரி ரெங்கசாமி தன் குட்டியானை வண்டியில் பறந்து வந்தார். பையன் அவருக்கு அக்கா மகன்.

"இன்னாசி, எறங்கு. தூக்கி வண்டியில போடுவோம்."

"வேண்டாண்ணே. 108 வந்துக்கிட்டிருக்கு. யாரும் தொடாதீங்க."

யாரோ சோடா நீட்டினார்கள். அதையும் வேண்டாம் என்றார் இன்னாசி. கூட்டம் முணுமுணுத்தது.

"அன்னைக்குச் சேரனைத் தூக்கிட்டு ஓடுன ஆளுதானே நீ? அவன் ஒன் கூட்டாளி, இவன் யாரோ. அதானே?" என்ற ரெங்கசாமி, ஜன்னல் வழியே கையை விட்டு அறைந்தார்.

கன்னம் எரிந்தது. கையை எடுக்கவில்லை இன்னாசி. அவருக்கு அன்று சேரனைப் பார்த்த டாக்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டதுதான் ஞாபகம். 'முதுகெலும்பு முறிஞ்ச ஆளையாப்பா தோள்ல மடிச்சுப் போட்டே?' அதை இன்றுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை; அன்று வராந்தாவில் கூட நின்ற செங்கமலத்துக்கு மட்டும் தெரியும்.

ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது.

மூன்றாம் நாள் டீக்கடைக்கு வந்த ரெங்கசாமியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பையனுக்குக் கழுத்தெலும்பில் முறிவாம். ஆட்டாமல் கொண்டுவந்ததால்தான் கைகால் தப்பியது என்று டாக்டர் சொன்னாராம்.

"தூக்கக் கூடாதுன்னு ஒனக்கு எப்படிப்பா தெரியும்?"

கடையே இன்னாசியைப் பார்த்தது.

"அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தார் இன்னாசி.

"நான் சொல்றேன்" என்றார் சேரன். "எல்லாம் என்னாலதாங்க. அன்னைக்கு இவன் தூக்க மாட்டேன்னுதான் நின்னான். நான்தான், சாகப்போறேன், தூக்கிட்டு ஓடுடான்னு கத்துனேன். தூக்குனதுலதான் முதுகெலும்பு போச்சு. வாயை மூடிக்கிட்டுக் கெடந்திருந்தா இந்நேரம் ஒங்களோட கபடி ஆடிக்கிட்டிருப்பேன். அதனால நீங்க யாரும் தூக்கிராதீங்க."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இன்னாசி மட்டும் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீ ஆறி ஏடு கட்டியிருந்தது.

சேரனின் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுக்கப் போன மாதம் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். செங்கமலம் அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக் கொடுத்தார். இங்கிலீஷ் வாசிக்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

நான் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். கொண்டுவந்தபோதே சேரனுக்குச் சுயநினைவு இல்லை, லாரி இடித்த அந்த நொடியே மயங்கிவிட்டார் என்று எழுதியிருந்தது. நினைவு திரும்பியது மூன்றாம் நாள்.