கண்ணியில் சால்வை

காட்டில் கம்பிக் கண்ணிகளை வெட்டி எடுக்கப் போகும் தொண்டர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெட்டிய இடத்தில் வியர்வை படிந்த துணி ஒன்றைப் புதரில் கட்டிவிட்டு வருவார்கள். மனித வாடை பட்டால் மான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. வேட்டைக்காரன் மறுபடி கண்ணி வைத்தாலும் வெறுங்கையோடுதான் போவான்.

அந்தத் தொண்டர்களில் ஒருவன் அன்று அவசரத்தில் அழுக்கு மூட்டையிலிருந்து உருவிக்கொண்டு போய்க் கட்டியது, இறந்துபோன தன் மனைவியின் சால்வை. அவள் வாசனை அதில் மட்டும்தான் மிச்சமிருந்தது. வீடு திரும்பிய பிறகே அவனுக்கு உறைத்தது.

விடிந்ததும், குழுவில் கூட வரும் தையல்கார அக்காவை அழைத்துக்கொண்டு ஓடினான்.

"உன் சட்டையைக் கட்டியிருந்தா பன்னிகூட ஊரைக் காலி பண்ணியிருக்குமேப்பா," என்று அக்கா அவனைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள்.

புதரில் சால்வை இல்லை. சற்றுத் தள்ளி, நேற்று இல்லாத ஒரு கண்ணியில் மாட்டியிருந்தது. கம்பி ஒரு மணிக்கட்டு அளவுக்கு இறுகியிருந்தது. உள்ளே துணியைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் மாட்டிக்கொண்ட விலங்கு மூச்சு வாங்கி மூச்சு வாங்கி இழுப்பதுபோல, கம்பி விட்டுவிட்டு இழுபட்டது. சுற்றிலும் மண் பிறாண்டப்பட்டிருந்தது.

அக்கா கட்டிங் பிளேயரை நீட்டினாள். "எதுவா இருந்தாலும் அவுத்து விடுறதுதான் நம்ம வேலை. வெட்டுப்பா."

அவன் மண்டியிட்டான். இழுப்பு நின்றது.

"வெட்டினா அவ போயிடுவாக்கா."

"அதுக்குத்தான் வெட்டச் சொல்றேன்."

அவன் ஒரு கல்லை எடுத்து, கம்பி கட்டியிருந்த முளையை இன்னும் ஆழமாக அடித்து இறக்கினான்.