தண்ணீருக்குக் கேட்காத விசில்

நீச்சல் குளத்திலிருந்து எல்லோரும் கரையேறிவிட்டார்கள். பஸ் ஓட்டும் அக்கா மட்டும் இன்னும் நீந்திக்கொண்டிருந்தாள்.

லைஃப்கார்டு மறுபடி விசிலை ஊதினாள். கூரையே அதிர்ந்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா அசரவில்லை. அந்தக் கோடி வரை போனாள், சுவரை உதைத்துத் திரும்பினாள், நிதானமாக இந்தக் கோடிக்கு வந்துகொண்டிருந்தாள்.

குளத்தின் விதி இதுதான்: மணிக்கு ஒரு தடவை விசில். விசில் அடித்தால் ஒரு தலை பாக்கியில்லாமல் மேலே வர வேண்டும். கடைசி ஆள் ஏறிய பிறகுதான் பத்து நிமிட ஓய்வு தொடங்கும். அக்கா நீந்த நீந்த, கரையில் நின்றவர்களுக்குக் குளிரும் கோபமும் சேர்ந்தே ஏறின.

"திமிரைப் பாருங்க. பஸ்ஸையும் இப்படித்தான் ஸ்டாப்புல நிப்பாட்டாம போவாங்க போல," என்றாள் சுவரோரம் நின்ற ஒருத்தி.

லைஃப்கார்டுக்குத்தான் புரியவில்லை. திமிர் பிடித்தவள் என்றால் தினமும் உள்ளே நுழையும்போது "சாப்டியாம்மா?" என்று கேட்பாளா? காது மந்தமோ என்றால் அதுவும் இல்லை. உடை மாற்றும் அறையில் அடுத்த தடுப்பில் யாராவது முணுமுணுத்தாலும் இங்கிருந்தே பதில் சொல்கிறவள்.

ஆனால் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை ஆகிவிட்டது. மூன்றாவது என்றால் குளத்தின் உறுப்பினர் கார்டு ரத்து. நீந்தினால் இடுப்பு தேறும், இல்லையென்றால் ஸ்டியரிங்கை விட்டு இறங்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னதை அக்காவே ஒரு நாள் சொல்லியிருக்கிறாள். அதை நினைத்தால் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் விதி விதிதானே.

அக்காவின் கை சுவரைத் தொட்டதும் லைஃப்கார்டு குனிந்து பிடித்துக்கொண்டாள்.

"மூணாவது தடவைக்கா. கார்டைக் குடுங்க."

"ஊதினியா? சத்தியமா காதுல விழலம்மா."

"தெருமுனைல நிக்கிறவனுக்கே கேக்குது!"

"அவன் தண்ணிக்குள்ள இல்லையே. நீ வேணா இறங்கிப் பாரு. நான் ஊதறேன்."

கரையில் சிரிப்பு கிளம்பியது. லைஃப்கார்டும் சிரித்தாள். தன் விசில் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அக்கா மேலே ஏறியதும் விசிலைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, இரும்பு ஏணி வழியாக இறங்கினாள். கடைசிப் படியைப் பிடித்துக்கொண்டு தலையை முழுசாக அமிழ்த்தினாள்.

உள்ளே பச்சை வெளிச்சம். எங்கோ பம்ப்பின் முனகல். தன் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம்.

விசில் வரவில்லை.

வேண்டுமென்றே காக்க வைக்கிறாள் என்று நினைத்தாள். நானா நீயா பார்த்துவிடலாம் என்று பிடியை இறுக்கினாள். மார்பு இறுகத் தொடங்கியது. அப்போதும் வரவில்லை.

திடீரென்று காதுக்குப் பக்கத்திலேயே, ணங்.

தலையைத் தூக்கினாள்.

"ஏன்க்கா இன்னும் ஊதல?"

கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோர் கையும் காதில் இருந்தது. ஊதி ஊதி அக்காவின் முகம் சிவந்துபோயிருந்தது.

"ஊதலையா! மூச்சே போயிடுச்சு எனக்கு. நீ வரவேயில்லன்னு பயந்து, புடிச்சு இழுக்கத்தான் குனிஞ்சேன்."

குனிந்தபோது அவள் மணிக்கட்டில் தொங்கிய லாக்கர் சாவி ஏணியில் இடித்திருந்தது. உள்ளே கேட்டது அந்தச் சத்தம்தான்.

லைஃப்கார்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே யோசித்தாள். விசில் சத்தம் காற்றில் பிறக்கிறது. தண்ணீரின் மேல்பரப்பில் பட்டு, தரையில் அடித்த பந்து மாதிரி திரும்பி மேலேயே போய்விடுகிறது. சாவிச் சத்தம் ஏணியின் இரும்பில் பிறந்தது. ஏணியில் பாதி தண்ணீருக்குள்தான் நிற்கிறது. தடுக்க ஆளில்லாமல் நேராக உள்ளே இறங்கிவிடுகிறது.

மற்றவர்கள் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, கதை பேசிக்கொண்டு மிதக்கிறவர்கள். அவர்களுக்குக் கேட்டதில் ஆச்சரியமில்லை. முறையாக நீந்துகிறவள் இந்த அக்கா ஒருத்திதான். அவள் காது எப்போதும் தண்ணீருக்குள்.

இத்தனை வருடம் ஊதியும் இது தெரியாமல் போனதற்குக் காரணம் சின்னதுதான். விசில் அடிக்கும் நேரத்தில், அதை ஊதுகிறவள் ஒரு நாளும் தண்ணீருக்குள் இருந்ததில்லை.

"கார்டை நீங்களே வச்சுக்கங்கக்கா," என்றாள்.

அடுத்த மணிக்கு, வேடிக்கை பார்ப்பதற்காகவே அக்கா முன்கூட்டியே ஏறிக் கரையில் உட்கார்ந்துகொண்டாள். லைஃப்கார்டு கையில் பம்ப் அறையிலிருந்து எடுத்து வந்த ஸ்பேனர். ஆனாலும் பழக்கம் விடவில்லை. முதலில் விசிலைத்தான் ஊதினாள்.

எல்லோரும் மளமளவென்று ஏறினார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. தண்ணீர் ஆடி அடங்கியது. குளம் காலி.

கொண்டுவந்ததுதான் கொண்டுவந்தோம், ஒரு தட்டு தட்டிப் பார்ப்போம் என்று ஸ்பேனரை ஏணியில் இறக்கினாள்.

ணங்.

ஆழமான பக்கத்தில், குதிக்கும் பலகையின் நிழலுக்குள்ளிருந்து ஒரு பச்சைத் தொப்பி மேலே வந்தது. மூச்சடக்கிப் பழகிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண். முகத்தை வழித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள்.

"அதுக்குள்ள டைம் ஆயிடுச்சா?"

லைஃப்கார்டும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது அந்த ஸ்பேனர் ஏணியிலேயே கயிற்றில் கட்டித் தொங்குகிறது. முதலில் ஏணியில் மூன்று தட்டு. அப்புறம் விசில். அதற்கும் அப்புறம்தான் குளம் காலி.