சிவப்புத் தையல்

நானும் என் மனைவி மஹீராவும் பருத்திப்பட்டு வீட்டு மாடியில் எம்பிராய்டரி மெஷின்களுக்கான டிசைன் சாஃப்ட்வேர் விற்கிறோம். போட்டிக்காரர்கள் திருடினால் கண்டுபிடிக்க, ஒவ்வொரு பறவை டிசைனிலும் கண்ணுக்குக் கீழே தேவையில்லாத ஒரு சிவப்புத் தையலை ஒளித்துவைப்போம்.

திங்கட்கிழமை வேப்பம்பட்டு டெய்லர் ஒருவர் மெயில் அனுப்பினார்: "நேற்று தைத்த கொக்கு துணியில் இல்லை. குளம் மட்டும் இருக்கிறது." போட்டோவில் ஊசித் துளைகூட இல்லை. அதேபோல் இன்னும் பல மெயில்கள் வந்தன.

பிறகு அம்பத்தூர்ப் போட்டிக்காரன் கிரண் போன் செய்தான். "மச்சான், உன் கொக்கு டிசைன காப்பி அட்ச்சது நான்தான். அது எங்க போச்சு, சொல்லு."

மாலையில் வழக்கம்போல் ஏரிக்கரையில் நடக்கப் போனோம். தண்ணீரே தெரியாதபடி கொக்குகள் நின்றிருந்தன.

"நாம இவ்ளோ விக்கலையே" என்றாள் மஹீரா.

குரல் கேட்டு எல்லாம் ஒன்றாகத் திரும்பின. ஒவ்வொன்றின் கண்ணுக்குக் கீழேயும் சிவப்பு நூல் காற்றில் ஆடியது.