பவுடர் பூசிய விமானம்

வெயிலுகந்தம்மாளின் பவுடர் டப்பாவைக் கவிழ்த்து, மிச்சம் மீதி இல்லாமல் விமானத்தின் மூக்கில் கொட்டினார் அவள் புருஷன் வன்னியபெருமாள்.

போன பங்குனியில் கழுகுமலைத் திருவிழாவில் ஆசைப்பட்டு வாங்கிய டப்பா. வேறு சமயமாக இருந்தால் வீடு ரெண்டுபட்டிருக்கும். இன்று அவள் வாயைத் திறக்கவில்லை.

விமானம் என்றால் இறக்கை இரண்டு முழம், அவ்வளவுதான். பால்சா என்கிற லேசான கட்டையில் செய்தது. கையில் எடுத்தால் காய்ந்த சுரைக்குடுக்கைக் கனம்கூட இருக்காது. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, டிரங்குப் பெட்டிக்குள் வேட்டியில் சுற்றி அவர் கொண்டுவந்த சொத்து அது ஒன்றுதான். இப்போது கோவில்பட்டியில் பம்புசெட் பட்டறை வைத்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அதன் தொட்டியில் எஞ்சின் ஓட எண்ணெய் ஊற்றி வைத்துவிட்டுக் காப்பி குடிக்க உள்ளே வந்தார். திரும்பிப் போவதற்குள் தொட்டி ஒழுகிவிட்டது. அந்த எண்ணெயில் இருந்த ஈதரும் மண்ணெண்ணெயும் காற்றோடு போயின. கூடக் கலந்திருந்த விளக்கெண்ணெய் மட்டும் போகாமல், மூக்குக் கட்டையை நமத்துப்போன முறுக்காக்கிவிட்டது.

எண்ணெய் குடித்த கட்டையில் பசை ஒட்டாது. அதனால் ஒரு வாரமாகப் பவுடரைப் போடுவதும், அது எண்ணெயை உறிஞ்சி மஞ்சளானதும் தட்டிவிடுவதும், மறுபடி போடுவதுமாக இருந்தார்.

பக்கத்து லேத் பட்டறை சோலைராஜ் வந்து பார்த்து உச்சுக் கொட்டினார். தொட்டியில நான் வச்ச ஈயப்பற்றுத்தான் விட்டுப்போச்சு, வயசாயிட்டுல்லா என்று வன்னியபெருமாள் சிரித்தார். ஊரில் எந்த மோட்டாரிலும் அவர் வைத்த பற்று விட்டதில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டு வெயிலுகந்தம்மாள் குனிந்து வாசலைக் கூட்டத் தொடங்கினாள்.

பற்று எங்கே விட்டது? துடைத்து ஜன்னலில் காயவைத்திருந்த தொட்டியில், சாக்குத் தைக்கிற கோணி ஊசியால் ஓங்கி ஒரு குத்துக் குத்தியவள் அவள்தான்.

அவளும் வேறு என்னதான் செய்வாள்? இந்த விமானம் தானாகப் பறந்து போகாது. இரண்டு மெல்லிய கம்பிகளில் கட்டி, ஒருவர் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அது வட்டமடிக்க அடிக்கக் கூடவே சுற்ற வேண்டும். மாசியில் எட்டயபுரம் ரோட்டுப் பொட்டலில் அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தவர், வெடித்துக் கிடந்த கரிசலில் குப்புற விழுந்தார். தண்ணீர் தெளித்தும் வெகுநேரம் கண் திறக்கவில்லை.

பாளையங்கோட்டை டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். ரத்தக்கொதிப்பு இருக்கிறது, இன்னொரு தடவை தலைசுற்றி விழுந்தால் எழுந்திருப்பார் என்று சொல்ல முடியாது. வன்னியபெருமாள் பவ்யமாகத் தலையாட்டினார். பஸ்ஸுக்குப் போகிற வழியில் கால்படி விளக்கெண்ணெய் வாங்கினார்.

அழுது பார்த்தாள். இரண்டு நாள் பட்டினி கிடந்து பார்த்தாள். பதினைந்து வருஷம் மற்றவன் ஓட்டுகிற விமானத்துக்கு ரிப்பேர் பார்த்தேன், நான் ஓட்டுகிற விமானம் இது ஒன்றுதான் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அன்றைக்குத்தான் கோணி ஊசியை எடுத்தாள்.

தொட்டி காலியாகும், எஞ்சின் ஓடாது, ஒரு வாரம் தப்பித்தோம் என்றுதான் நினைத்தாள். எண்ணெய் கட்டைக்குள் இறங்கி இப்படிப் பாழாக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் குத்தியிருப்பாள். ஆனால் அவர் பிள்ளைக்கு மருந்து போடுவதுபோல் விரல் நுனியால் பவுடரைத் தடவுகிறபோதெல்லாம், அந்தப் பக்கம் பாராமல் அடுப்படிக்குப் போனாள்.

மூக்குக்கு முட்டுக் கொடுக்க, அவள் வேலைக்குப் போகிற தீப்பெட்டி ஆபீசிலிருந்து மருந்து வைக்காத வெறுங்குச்சி கொண்டுவரச் சொன்னார். பசை ஒட்டக்கூடாது என்று மெழுகில் முக்கிய குச்சியாகப் பார்த்து எடுத்துவந்தாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மெழுகு முனையைப் பிளேடால் நறுக்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தை ஒட்டிக்கொண்டார்.

ஒட்டு காய்கிற நேரமெல்லாம் ஒரு புதுக் கைப்பிடியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு நாள் அவளுடைய ரப்பர் வளையல் ஒன்றைக் கேட்டு வாங்கினார். மூக்கு வளைவுக்கு அளவு பார்க்க என்று நினைத்துக் கழற்றிக் கொடுத்தாள். புதுக் கைப்பிடியைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. மனுஷன் விடப்போவதில்லை.

இப்போது கடைசிப் பவுடரையும் தட்டிவிட்டு, மூக்கை முகர்ந்து பார்த்தார். திருப்தி. தொட்டியை எடுத்து, கொஞ்சம் பிடி என்று அவளிடம் நீட்டினார்.

அவள் திருப்பிப் பார்த்தாள்.

ஓரத்துப் பழைய பற்று கறுத்துப்போய் அப்படியே இருந்தது. அதில் அவர் கையே வைக்கவில்லை. அடிப்பக்கம் மட்டும், ஊசி இறங்கிய இடத்தில், புது ஈயம் ஒரு பொட்டாக மின்னியது.

அவர் நிமிர்ந்து பார்க்காமல் தொட்டியை வாங்கி உள்ளே பொருத்தினார். ஆணியை முடுக்கினார். கம்பிகளைச் சுருட்டினார். பிறகு அந்தப் புதுக் கைப்பிடியை எடுத்து அவள் வலது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

கச்சிதமாக உட்கார்ந்தது. அவருடைய அகன்ற கை அதற்குள் நுழையவே நுழையாது. வளையல் எதற்கு என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"ஏட்டி, பொழுது சாயப்போவுது, கெளம்பு. எனக்குத் தலை சுத்துச்சுன்னா ஒன்னால தூக்க முடியாது. ஒனக்குச் சுத்துச்சுன்னா நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றார்.