ஆபீசர் ஐயாவுக்கு

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதை ஆராய்ச்சி செய்துவந்த வடிவு, விவசாயிகளுக்கு எழுதும் கடிதங்களில் 'ஆர்.வி.' என்றுதான் கையெழுத்துப் போடுவாள். முழுப் பெயரைப் போட்ட 1983-இல் ஒருத்தரும் அவள் விதையைத் தொடவில்லை. பொம்பளைக்கு மல்லாட்டையைப் பற்றி என்ன தெரியுமாம்!

மறு வருஷம் 'ஆர்.வி.'யை நம்பி விதைத்தவர் முகையூர் தேவநாதன் ஒருத்தர்தான். இலையில் புள்ளி விழுந்தாலும் வேரில் பூச்சி வந்தாலும் உடனே கடிதம் வந்துவிடும். "இதெல்லாம் பொம்பளைங்களுக்குப் புரியாதுங்க ஐயா" என்றுகூட ஒருமுறை எழுதியிருந்தார். வடிவு பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமாம்" என்று பதில் போட்டாள்.

கடைசியாக, "புதன்கிழமை மல்லாட்டை பிடுங்குறோம், அவசியம் வாங்க" என்று கடிதம் வந்தது. விளைச்சலை நேரில் பார்க்காமல் முடியாது. குட்டு உடைந்தால் உடையட்டும் என்று விழுப்புரத்தில் பஸ் மாறி முகையூர் போய் இறங்கினாள்.

கடிதம் பார்த்து வந்ததாகச் சொன்னதும் தேவநாதன் திருதிருவென்று விழித்தார். "லெட்டரா? எனக்குக் கையெழுத்தே போட வராதும்மா. ஏ அஞ்சம்மா!"

கொத்துக் கொத்தாய்க் காய்த்த செடியோடு ஓடிவந்த அவர் மனைவி, வடிவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "ஆபீசர் ஐயா வரலீங்களா?"

"நான்தாங்க ஆர்.வி."

அஞ்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "பொம்பளை எழுதினா ஐயா பதில் போடமாட்டாருன்னு இவரு பேர்ல எழுதிக்கினு இருந்தேனுங்க!"

"அப்போ, பொம்பளைங்களுக்குப் புரியாதுன்னு எழுதினது?"

"ஆம்பளை எழுதின மாதிரி இருக்க வேணாமா? நீங்க என்னாத்துக்கு ஆமான்னு போட்டீங்க?"

வடிவு சிரித்துக்கொண்டே செடியை வாங்கினாள்.

"நானும் அதுக்குத்தான்."