எண் பொருத்தம்

மாமனார் கத்தியை உருவினார். எதிரே நின்ற மாப்பிள்ளை ஓரடி பின்னால் நகர்ந்தான்.

“பிடிங்க” என்று கைப்பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டினார். “இனிமே இது உங்களது.”

துப்பாக்கி முனையில் மாட்டும் பழங்கால ராணுவக் கத்தி அது. கண்ணாடி அலமாரியில் இருந்த அத்தனை கத்திகளிலும் அவருக்கு உயிர் அதுதான். பெற்ற பிள்ளையைக்கூடத் தொட விட்டதில்லை.

“எனக்கெதுக்கு மாமா?”

“பின்னே யாருக்கு? இதுக்கு ஜோடி சேர்த்து வச்சதே நீங்கதானே?”

அந்தச் சொல் அவனைச் சுருக்கென்று குத்தியது.

காதல் கல்யாணம். ஆரம்பத்தில் மாமனார் அவனிடம் முகம் கொடுத்தே பேசமாட்டார். ‘சாப்பிடச் சொல்லு’ என்பதுகூட மகள் வழியாகத்தான் வரும். அந்தக் கத்தியின் உறையை இடுப்பு பெல்ட்டில் தொங்கவிடும் தோல் பட்டை மட்டும் அவரிடம் இல்லை. கத்தியில் உள்ள அதே நம்பர் போட்ட பட்டை கிடைத்துவிட்டால் ஊரிலேயே தன்னை அடிக்க ஆளில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

இவன் பழைய தோல் ஒன்றை வாங்கி, டீத்தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் வாட்டி, அந்த நம்பரைச் சுத்தியலால் அடித்துப் பதித்தான். “பழைய சாமான் கடையில கிடைச்சுது மாமா” என்று கூசாமல் கொண்டுபோய் நீட்டினான்.

ஆணி வாங்கினாலும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற மனுஷர், அன்று கண்ணாடியைத் தேடவே இல்லை. பட்டையைப் பார்த்தார். வீங்கியிருந்த அவன் கட்டைவிரலைப் பார்த்தார். கண் கலங்க, “உட்காருங்க மாப்பிள்ளை” என்றார்.

அதற்கப்புறம் அவனுக்கு அந்த வீட்டில் ராஜ மரியாதை. ஆனாலும் அலமாரியைத் தாண்டும்போதெல்லாம் திருடன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டுதான் போவான்.

இன்றைக்கு மச்சானை ஒதுக்கிவிட்டுத் தன்னிடம் கொடுக்கிறார். இதற்கு மேலும் மென்று முழுங்கினால் தான் மனுஷனே இல்லை என்று பட்டது.

“மாமா, அந்தப் பட்டை போலி. நான் செஞ்சது. நம்பரும் நான் அடிச்சதுதான். உங்களை ஏமாத்திட்டேன். இனிமே இந்த வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னாலும் சரி.”

மாமனார் கத்தியை மெல்ல மேசைமேல் வைத்தார். அவர் முகமும் சுருங்கிப்போயிற்று. சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கத்தியில அந்த நம்பரை அடிச்சதே நான்தான் மாப்பிள்ளை.”